பதினைந்து கிளப், இருபது வருடம்: இங்கிலாந்தின் கீழ் லீக் ஸ்ட்ரைக்கர் எப்படிக் காலம் தள்ளுகிறார்?

கேள்வி இதுதான்: இங்கிலாந்துக் கால்பந்தின் கீழ் லீக்குகளில் ஆடும் சில ஸ்ட்ரைக்கர்களின் (கோல் அடிப்பதற்கென்றே முன்வரிசையில் நிற்பவர்களின்) கிளப் பட்டியலைப் பார்த்தால் பன்னிரண்டு, பதினைந்து, சிலருக்கு முப்பதுக்கு மேலும் கிளப்கள் இருக்கின்றன. ஒரு சீசனில் 15 கோல் அடித்தவரைக்கூட அடுத்த வருடம் வேறு ஊரில் பார்க்கிறோம். திறமை போதாததால் தூக்கி எறிகிறார்களா, காசுக்காக அவரே ஓடுகிறாரா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அவரை எடுத்த மேனேஜர் வேலையில் இல்லை. பல மாற்றங்களுக்குக் காரணம் இவ்வளவுதான். கோல் கணக்கு அடுத்த வேலை எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கும். வேலை போவதைத் தடுக்கும் சக்தி அதற்குக் குறைவு.

ஏணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரீமியர் லீக்குக்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ. ஒவ்வொன்றிலும் 24 அணிகள், ஒவ்வொரு அணிக்கும் 46 லீக் ஆட்டங்கள். இந்த 72 கிளப்களும் சேர்ந்ததுதான் ஈஎஃப்எல் (முன்பு ஃபுட்பால் லீக்). அதற்கும் கீழே நேஷனல் லீக். லீக் டூவில் கடைசி இரண்டு இடம் பிடித்தால் அங்கே இறங்க வேண்டும். 2004க்கு முன்பு லீக் டூவின் பெயர் மூன்றாம் டிவிஷன், அதனால் பழைய பட்டியல்களைப் படிக்கும்போது குழம்ப வேண்டாம். நாம் பேசும் ஆட்கள் லீக் ஒன்னுக்கும் நேஷனல் லீக்குக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே வாழ்பவர்கள்.

நாட்காட்டிதான் முதலாளி

இங்கிலாந்தில் ஒப்பந்தங்கள் ஜூன் 30 அன்று முடியும். லீக் மே முதல் வாரத்தோடு முடிந்துவிடும். சில நாட்களில் ஒவ்வொரு கிளப்பும் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்ற பட்டியலை வெளியிடும். அதற்கு முன்பு மேனேஜர் ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டுப் பேசுவார். சில நிமிடப் பேச்சுதான். லீக் டூவில் ஒரே கோடையில் பத்துப் பன்னிரண்டு பேரை விட்டுவிட்டு அதே எண்ணிக்கையில் புது ஆட்களை எடுக்கும் கிளப்கள் சர்வ சாதாரணம்.

காரணம் எளிது. கிளப்புக்கு அடுத்த வருடம் எந்த டிவிஷனில் இருப்போம் என்றே தெரியாது. கீழே இறங்கினால் வருமானம் சரியும், ஆனால் எழுதிக்கொடுத்த சம்பளம் சரியாது. அதனால் ஒரு வருட ஒப்பந்தம், மிஞ்சிப் போனால் இரண்டு. மூன்று வருடம் என்பது 22 வயதுப் பையனுக்கு. அவனைப் பிறகு விற்று காசு பார்க்கலாம். 29 வயது ஸ்ட்ரைக்கரை விற்று எதுவும் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். 1995 டிசம்பரில் வந்த பாஸ்மேன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த வீரர் சும்மா கிளம்பிப் போகலாம் என்பது வழக்கமாகிவிட்டது. இங்கிலாந்துக்குள்ளே 24 வயதுக்குக் குறைந்தவர் என்றால் மட்டும், பழைய கிளப் புதிய ஒப்பந்தம் கொடுக்க முன்வந்திருந்தால், புதிய கிளப் ஈட்டுத்தொகை கட்ட வேண்டும். 24ஐத் தாண்டியதும் அவர் சுதந்திரமானவர். கிளப்புக்கும் அவர் மேல் முதலீடு என்ற எண்ணம் போய்விடுகிறது.

ஜூன் மாதம் ஏஜென்ட் போன் பேசும் மாதம். ஜூலையில் முன்பருவப் பயிற்சி தொடங்கும். அதற்குள் ஒப்பந்தம் கிடைக்காதவர் ‘டிரையலிஸ்ட்’ ஆகப் போய் நட்பு ஆட்டங்களில் ஆடுவார். அணிப் பட்டியலில் அவர் பெயர்கூட இருக்காது, ‘டிரையலிஸ்ட் ஏ’ என்றுதான் இருக்கும். 300 லீக் ஆட்டம் ஆடியவரும் அப்படித்தான் ஆடுவார். இங்கே ஸ்ட்ரைக்கருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒரு சென்டர்-பேக்கின் (நடுத் தடுப்பாட்டக்காரரின்) தரத்தை நாற்பத்தைந்து நிமிடத்தில் ஓரளவு எடைபோட்டுவிடலாம். ஸ்ட்ரைக்கருக்குப் பந்து வர வேண்டும். அறிமுகமே இல்லாத பதினோரு பேர், பாதிப் பேர் சோதனைக்கு வந்தவர்கள், எல்லோரும் தன்னைக் காட்டத்தான் பார்ப்பார்கள், பாஸ் எங்கே வரப்போகிறது? அனுபவசாலிகள் இதனாலேயே டிரையலைத் தவிர்த்து, முன்பு தங்களை எடுத்த மேனேஜர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தேடுவார்கள். ஒரு ஸ்ட்ரைக்கரின் கிளப் பட்டியலையும் அவருடைய பழைய மேனேஜர்களின் கிளப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாதி மர்மம் விலகிவிடும்.

ஆகஸ்ட்டிலும் இடம் கிடைக்காவிட்டால் கதவு முழுக்க மூடுவதில்லை. கிளப் இல்லாத வீரரை டிரான்ஸ்ஃபர் விண்டோ (வீரர்களை வாங்கி விற்க அனுமதிக்கும் காலம்) மூடிய பிறகும் எடுத்துக்கொள்ளலாம். அக்டோபரில் ஏதாவது ஒரு ஊரில் ஸ்ட்ரைக்கரின் தொடைத்தசை கிழியும், ஒரு மாத ஒப்பந்தம் வரும், அது ஜனவரி வரை நீளும். இன்னொருவர் காயத்தில்தான் இவருக்குச் சோறு. இந்தத் தொழிலில் யாரும் இதை வெளியே சொல்வதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கும்

வாரச் சம்பளம் என்பது ஒரு வரிதான். அதற்குக் கீழே ஆரம்ப பதினொன்றில் இறங்கினால் இவ்வளவு, கோலுக்கு இவ்வளவு, அணி வென்றால் இவ்வளவு, மேலே ஏறினால் இவ்வளவு என்று போகும். கையெழுத்துத் தொகை இருந்தால் தவணையாக வரும். ஒரு கணக்குக்காக மட்டும் வைத்துக்கொள்வோம்: வாரம் 1,400 பவுண்ட், ஆரம்ப பதினொன்றில் இறங்கினால் 150, கோலுக்கு 200. வருடம் முழுக்க 30 ஆட்டம் தொடங்கி 12 கோல் அடித்தால் 72,800 + 4,500 + 2,400, மொத்தம் 79,700 பவுண்ட். நல்ல சம்பளம்தானே என்று தோன்றும். 50,270 பவுண்டுக்கு மேல் போகும் வருமானத்துக்கு 40 சதவீத வரி, ஏஜென்டுக்குப் பங்கு, குடும்பம் ஒரு ஊரில் இவர் ஒரு ஊரில் என்றால் இரட்டை வாடகை. அதைவிட முக்கியம், இது அடுத்த வருடமும் வரும் என்று எவரும் எழுதித் தரவில்லை. ஜூலையில் கிளப் இல்லாமல் நின்றால் பழைய கிளப் ஒரு மாத அடிப்படைச் சம்பளம் கொடுக்கும், வேறு இடம் கிடைக்கும் நாள் வரைதான் அதுவும்.

நான் எதையாவது கவனமாகப் படிக்கச் சொல்வேன் என்றால் அது நீட்டிப்பு நிபந்தனை. ‘25 ஆட்டங்களில் ஆரம்ப பதினொன்றில் இறங்கினால் ஒப்பந்தம் தானாக ஒரு வருடம் நீளும்’ என்று ஒரு வரி. கையெழுத்துப் போடும் ஆகஸ்ட்டில் இது பாதுகாப்பாகத் தெரியும். மார்ச்சில் இதுவே கண்ணி. வீரர் 23 ஆட்டம் ஆடி முடித்திருப்பார், கிளப் பட்ஜெட்டைக் குறைக்க நினைக்கும், திடீரென்று அவர் பென்ச்சில் உட்காருவார். அறுபதாவது நிமிடம் இறக்குவார்கள், கோல்கூட அடிப்பார், ஆனால் தொடக்க எண்ணிக்கை 23இலேயே நிற்கும். நன்றாக ஆடும் ஸ்ட்ரைக்கர் ஏன் ஏப்ரல் முழுக்க பென்ச்சில் இருந்தார் என்று ரசிகர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் பல நேரங்களில் விடை இந்த வரியில் இருக்கும். விவரமான ஏஜென்ட் ‘ஆரம்ப பதினொன்று’ என்பதற்குப் பதில் ‘களமிறங்கினால்’ என்று எழுத வைப்பார், அல்லது 45 நிமிடம் என்று கேட்பார். ஒரு சொல், ஒரு வருடச் சம்பளம்.

அகின்ஃபென்வாவை வைத்துப் பார்ப்போம்

அடெபாயோ அகின்ஃபென்வாவைத் தெரியாத ஃபிஃபா வீடியோ கேம் பிள்ளைகள் கிடையாது. நூறு கிலோ உடம்பு, ‘பீஸ்ட்’ என்ற பட்டப்பெயர். அந்த வேடிக்கைக்குப் பின்னால் உள்ள வேலைப் பட்டியல்தான் நமக்குப் பாடம்.

1982இல் பிறந்தவர். லண்டன் பையன், ஆனால் முதல் தொழில்முறை கிளப் லித்துவேனியாவின் அட்லான்டாஸ். அங்கிருந்து வேல்ஸில் பேரி டவுன். அந்தக் கிளப் பணமில்லாமல் கவிழ்ந்தது. 2003-04 சீசனில் அடுத்தடுத்து பாஸ்டன் யுனைடெட், லேட்டன் ஓரியன்ட், ரஷ்டன் அண்ட் டைமண்ட்ஸ், டான்காஸ்டர். பேரியையும் சேர்த்தால் ஒரே வருடத்துக்குள் ஐந்து சட்டை. பெரும்பாலும் குறுகிய ஒப்பந்தங்கள், ஒன்றிரண்டு ஆட்டம், நன்றி வணக்கம். டான்காஸ்டரில்தான் கோல் விழுந்தது, அதனால் டார்கே அவரை எடுத்தது. அங்கே லீக் ஒன்னில் 14 கோல். அணி இறங்கிவிட்டது, அவர் ஸ்வான்சீக்குப் போனார்.

ஸ்வான்சீ வருடங்கள் இந்தத் தொழிலின் முழு ருசியையும் காட்டும். 2005 ஆகஸ்ட்டில் புது மைதானத்தின் முதல் லீக் ஆட்டத்தில், டிரான்மியருக்கு எதிராக, வெற்றி கோல் இவருடையது. 2006 ஏப்ரலில் கார்டிஃபில் நடந்த ஃபுட்பால் லீக் டிராபி இறுதியில் கார்லைலை 2-1 என்று வென்றபோதும் வெற்றி கோல் இவருடையது. அடுத்த மாதம் அதே மைதானத்தில் பார்ன்ஸ்லிக்கு எதிரான பிளே-ஆஃப் இறுதி (வென்ற அணி மேல் டிவிஷனுக்கு ஏறும் ஆட்டம்), 2-2, பெனால்டி. இவர் அடித்த பந்து கம்பத்துக்கு மேலே போனது. சாம்பியன்ஷிப் கனவு அங்கே முடிந்தது. அடுத்த சீசனில் கால் முறிந்தது. 2007 கோடையில் ஒப்பந்தம் முடிந்து கிளம்பியவருக்கு நவம்பர் வரை நிலையான இடம் இல்லை. பிறகு மில்வாலில் ஏழு லீக் ஆட்டம், கோல் இல்லை.

இந்த இடத்தில்தான் பலருடைய கதை முடியும். கால் முறிவு, பிறகு கோல் இல்லாத சில வாரங்கள், வயது 25. ஸ்கவுட் குறிப்பில் ‘பழைய வேகம் இல்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் அது அழியாது. அகின்ஃபென்வாவுக்கு வேகம் என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை, அதுதான் அவரைக் காப்பாற்றியது. 2008 ஜனவரியில் நார்தாம்ப்டன் எடுத்தது. அதற்குப் பிறகு பத்து வருடம் வேலைக்குப் பஞ்சமில்லை. நார்தாம்ப்டன், ஜில்லிங்ஹம், மறுபடி நார்தாம்ப்டன், மறுபடி ஜில்லிங்ஹம். பழைய கிளப்புக்கே திரும்புவது இந்த உலகத்தில் தோல்வி இல்லை. உடற்கூறு, குணம், லாக்கர் அறையில் எப்படி நடந்துகொள்வார் எல்லாம் தெரிந்த ஆள் என்பதால் அது ஆபத்தில்லாத கொள்முதல்.

2014இல் ஏஎஃப்சி விம்பிள்டன். 2015 ஜனவரியில் எஃப்ஏ கோப்பையில் லிவர்பூலுக்கு எதிராகக் கோல் (அவரே லிவர்பூல் ரசிகர்). 2016 மே 30, வெம்ப்லியில் லீக் டூ பிளே-ஆஃப் இறுதி, பிளிமத்துக்கு எதிராக. மாற்று வீரராக வந்து கடைசி நேர பெனால்டியை, வேறு ஆள் அடிக்க நின்றபோதும் தானே வாங்கி அடித்தார். 2-0. ஆட்டம் முடிந்ததும் தொலைக்காட்சியில், தொழில்நுட்ப ரீதியாகத் தனக்கு இப்போது வேலை இல்லை, மேனேஜர்கள் வாட்ஸ்அப்பில் கூப்பிடுங்கள் என்றார். உலகமே சிரித்தது. அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. அணியை மேலே ஏற்றிய கோலை அடித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, ஜூன் 30க்குப் பிறகு சம்பளம் கிடையாது. மேலே ஏறும் அணிக்கு வேகமான, இளைய ஆள் வேண்டும் என்று கிளப் முன்பே முடிவுசெய்திருந்தது. நான் கேட்டால் அது நியாயமான முடிவுதான் என்பேன். அந்த சீசனில் லீக்கில் அவர் அடித்தது ஆறு கோல்.

கரெத் எய்ன்ஸ்வொர்த் நடத்திய விக்கம் வாண்டரர்ஸ் அவரை எடுத்தது. 34 வயது. 2017-18இல் 17 லீக் கோல், அணி லீக் ஒன்னுக்கு ஏறியது. 2020 ஜூலை 13 அன்று ஆக்ஸ்ஃபோர்டை 2-1 என்று வென்று விக்கம் சாம்பியன்ஷிப்புக்கு ஏறியபோது அவருக்கு 38. 2022 மே மாதம் சண்டர்லாண்டுக்கு எதிரான இன்னொரு பிளே-ஆஃப் இறுதியோடு நிறுத்தினார். பதினைந்து வருடம் ஒரு வருட, இரண்டு வருட ஒப்பந்தங்களில் ஓடியவருக்கு, கடைசி ஆறு வருடம் ஒரே கிளப். பட்டியலின் கடைசியில் இவ்வளவு நீளமான தங்கல் வருவது அபூர்வம்.

மேனேஜர் எதற்குக் காசு கொடுக்கிறார்

அகின்ஃபென்வா விக்கமில் செய்த வேலையை ஒரே ஒரு கோல் கிக்கில் காட்டிவிடலாம். கீப்பர் பந்தை வைக்கும்போதே ஸ்ட்ரைக்கர் எதிரணி சென்டர்-பேக்கின் மேல் முதுகைச் சாய்த்துவிடுவார். பந்து உச்சத்தை அடைவதற்கு முன்பே இடம் பிடித்தாயிற்று. கால்கள் அகலம், இடுப்பு தாழ்வு, முன்கை டிஃபெண்டரின் மார்புக்குக் குறுக்கே. டிஃபெண்டர் முன்னால் வரவும் முடியாது, சரியாகக் குதிக்கவும் முடியாது. பிறகு மூன்று தேர்வு. பக்கத்தில் ஓடும் கூட்டாளி டிஃபென்ஸ் வரிசைக்குப் பின்னால் பாயத் தயாராக இருந்தால் தலையால் லேசாகத் தடவி விடுவார். ஓடுபவர் இல்லையென்றால் மார்பில் வாங்கி, வரும் மிட்ஃபீல்டருக்குத் திருப்பிக் கொடுப்பார், அல்லது உரசலில் விழுந்து ஃப்ரீ கிக் வாங்குவார். மூன்றுமே கோல் கணக்கில் வராது. ஆனால் இருபது பேரும் இருபது மீட்டர் மேலே ஏறிவிட்டார்கள்.

இதில் தவறும் இடங்கள் உண்டு. கை தோளுக்கு மேல் போனால் நடுவர் எதிரணிக்கு ஃபவுல் கொடுப்பார். முதல் பத்து நிமிடத்தில் இரண்டு முறை ஊதிவிட்டால் அன்றைய நாள் முடிந்தது, டிஃபெண்டர் ஒவ்வொரு முறையும் விழத் தொடங்குவார். தலையால் தடவிய பந்துக்கு ஓடுபவர் ஒரு நொடி பிந்தினால் பந்து நேராக எதிரணி கீப்பரிடம். அதனால் இப்படிப்பட்ட ஸ்ட்ரைக்கரை வாங்கும் கிளப் அவருக்கு ஏற்ற கூட்டாளியையும் வாங்க வேண்டும். அதை மறந்த கிளப்களில்தான் ‘போன வருடம் 17 அடித்தவர் இங்கே வந்து 4 அடித்தார்’ என்ற புலம்பல் கேட்கும். ஆள் மாறவில்லை. பக்கத்தில் ஓடியவர், ஓரத்திலிருந்து கிராஸ் போட்டவர், கார்னர் அடித்தவர் மூவரும் பழைய கிளப்பிலேயே இருக்கிறார்கள்.

கோல் எண்ணிக்கையையும் உரித்துப் பார்க்க வேண்டும். 16இல் 6 பெனால்டி என்றால் அவர் திறந்த ஆட்டத்தில் 10 கோல் ஸ்ட்ரைக்கர். புது கிளப்பில் பெனால்டி அடிக்க ஏற்கெனவே ஆள் இருந்தால் 16 என்ற எண் திரும்ப வராது. அதே மாதிரி எட்டு கோல் ஒரே மாதத்தில் விழுந்ததா, பரவலாக விழுந்ததா என்பதும். லீக் டூவில் வருடம் 12 முதல் 15 வரை அடித்து 40 ஆட்டத்துக்கு உடம்பைக் கொண்டுவருபவர், 20 அடித்துவிட்டு அடுத்த வருடம் பாதி சிகிச்சை மேசையில் கிடப்பவரைவிட மேனேஜருக்கு உசத்தி. செவ்வாய் இரவு, சனி மதியம், மறுபடி செவ்வாய் என்று ஓடும் 46 ஆட்டப் பந்தயத்தில் உடம்பு தாங்குவதே பாதித் திறமை.

ஊரும் சாலையும்

பதினைந்து கிளப் என்றால் பதினைந்து வீடு என்று அர்த்தமில்லை. ராச்டேல், ஓல்டம், ஸ்டாக்போர்ட், அக்ரிங்டன், மாக்கிள்ஸ்ஃபீல்ட் எல்லாம் மான்செஸ்டரைச் சுற்றிச் சற்றுத் தூரத்தில் இருக்கின்றன. அங்கே வீடு வைத்திருக்கும் ஸ்ட்ரைக்கர் பிள்ளைகளின் பள்ளியை மாற்றாமலே ஐந்தாறு கிளப் மாறலாம். நாலு வீரர்கள் ஒரே காரில் பயிற்சிக்குப் போவார்கள், வாரம் ஒருவர் ஓட்டுவார். பிளிமத், எக்ஸெட்டர், கார்லைல் கதை வேறு. பிளிமத்திலிருந்து கார்லைல் 600 கிலோமீட்டருக்கு மேல். இந்தக் கிளப்கள் ஒரே தரமுள்ள வீரருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், அல்லது குடும்பம் இல்லாத இளைஞனைப் பார்க்க வேண்டும். ஏஜென்ட் முதலில் கேட்கும் கேள்விகளில் ‘பயிற்சி மைதானம் எங்கே?’ என்பதும் ஒன்று.

லோன் என்ற குறுக்குவழி

2016 வரை ஈஎஃப்எல்லில் அவசர லோன் என்று ஒன்று இருந்தது. விண்டோ மூடிய பிறகும் குறைந்தது 28 நாள், அதிகபட்சம் 93 நாள் ஒரு வீரரைக் கடனாக வாங்கலாம். பட்டியல்கள் வீங்கியதற்கு இது பெரிய காரணம். கேம்பிரிட்ஜ் யுனைடெட்டிலிருந்து 2000இல் லெஸ்டருக்கு பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோன டிரெவர் பெஞ்சமின், பிறகு லோன் மேல் லோனாகச் சுற்றி, கடைசியில் கிளப் எண்ணிக்கை முப்பதை ஒட்டியது. கீழ்மட்டங்களில் சுற்றிய ஜெஃபர்சன் லூயிஸுக்கு நாற்பதைத் தாண்டும். ஃபிஃபா அழுத்தத்தால் 2016-17 முதல் அவசர லோன் நின்றது. இப்போது லோன் விண்டோவுக்குள்தான்.

இதில் வயதானவர்களுக்கு ஒரு பாதகம் வந்து சேர்ந்தது. பிரீமியர் லீக் கிளப்கள் 19, 20 வயது ஸ்ட்ரைக்கர்களை அனுபவத்துக்காக அனுப்பும்போது சம்பளத்தில் பெரும்பங்கைத் தாங்களே கொடுக்கும். ஆட்ட நாள் அணியில் ஐந்து லோன் வீரர் வரை வைக்கலாம். 31 வயது ஆளுக்கு முழுச் சம்பளம் கொடுப்பதா, இந்தப் பையனைச் சொற்ப செலவில் எடுப்பதா? அனுபவசாலிக்கு சாதகம் ஒன்றும் இருக்கிறது: 2022-23 முதல் ஐந்து மாற்று வீரர்களை இறக்கலாம். எழுபதாவது நிமிடம் வந்து இருபது நிமிடம் டிஃபெண்டர்களைப் புரட்டியெடுப்பது ஒரு முழு வேலையாகவே ஆகிவிட்டது.

காசு நின்றுபோகும் நாட்கள்

அகின்ஃபென்வாவின் பட்டியலை மறுபடி பாருங்கள். பேரி கவிழ்ந்தது. ரஷ்டன் அண்ட் டைமண்ட்ஸ் 2011இல் லீக்கிலிருந்து நீக்கப்பட்டுக் கலைந்தது. இது தற்செயல் அல்ல. 2002இல் ஒளிபரப்பு உரிமம் வாங்கியிருந்த ஐடிவி டிஜிட்டல் என்ற தொலைக்காட்சி நிறுவனம் திவாலானபோது ஃபுட்பால் லீக்குக்கு வர வேண்டிய சுமார் 17.8 கோடி பவுண்ட் வராமல் போனது, அந்தக் கோடையில் நூற்றுக்கணக்கான வீரர்கள் வேலை இழந்தார்கள். அந்த வருடம் 26 வயதில் ஒப்பந்தம் முடிந்தவரின் பட்டியலில் திடீரென்று நேஷனல் லீக் கிளப் ஒன்று முளைத்திருந்தால், அவர் ஆட்டம் சரிந்தது என்று முடிவுகட்டக் கூடாது. 2019 ஆகஸ்ட்டில் பரி என்ற கிளப் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது, 2020 செப்டம்பரில் மாக்கிள்ஸ்ஃபீல்ட் கலைக்கப்பட்டது. இரண்டுமே சீசன் தொடங்கும் நேரம். மற்ற கிளப்கள் பட்ஜெட்டைச் செலவழித்து முடித்திருக்கும்.

2020 ஆகஸ்ட்டில் லீக் ஒன்னுக்கு 25 லட்சம் பவுண்ட், லீக் டூவுக்கு 15 லட்சம் பவுண்ட் என்று மொத்தச் சம்பள வரம்பு கொண்டுவந்தார்கள். இளைஞர்களின் சம்பளம் கணக்கில் சேராது என்றும் வைத்தார்கள். முப்பது வயதுக்காரருக்கு அது நேரடி அடி. 1907இல் தொடங்கிய வீரர்கள் சங்கமான பிஎஃப்ஏ நடுவர் மன்றத்துக்குப் போய் வென்றது, 2021 பிப்ரவரியில் வரம்பு ரத்தானது.

மேலே போனவர்கள்

2005இல் ராச்டேலின் முன்வரிசையில் ரிக்கி லாம்பர்ட்டும் கிராண்ட் ஹோல்ட்டும் ஜோடியாக நின்றார்கள். லாம்பர்ட் அதற்கு முன்பு பிளாக்பூல் விட்டபோது பீட்ரூட் தொழிற்சாலையில் ஜாடிக்கு மூடி போட்டவர், நாளுக்கு 20 பவுண்ட். ஹோல்ட் டயர் பொருத்தியவர், நடுவில் சிங்கப்பூரில் செங்காங் மரீன் அணிக்கும் ஆடியவர். இருவரும் பிரீமியர் லீக்கில் கோல் அடித்தார்கள். லாம்பர்ட் 31 வயதில், 2013 ஆகஸ்ட் 14 அன்று, ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்துக்காகத் தன் முதல் தொடுதலிலேயே வெற்றி கோல் அடித்தார். ஐஎஸ்எல் பார்ப்பவர்களுக்கு ஆடம் லே ஃபாண்ட்ரே நினைவிருக்கும், 2020-21இல் மும்பை சிட்டிக்கு 11 கோல். அவரும் ஸ்டாக்போர்ட், ராச்டேல், ரோதரம் வழியாக வந்தவர்தான். 2013 ஜனவரியில் ரெடிங்குக்காக ஆடி பிரீமியர் லீக்கின் மாதச் சிறந்த வீரர் விருது வாங்கினார்.

இவர்களைக் காட்டி ‘உழைத்தால் ஏறலாம்’ என்று சொல்வது சுலபம். லாம்பர்ட்டின் வித்தியாசம் ஆட்டத்தில் இருந்தது: உயரமான ஆளுக்கு இல்லாத பாஸிங், ஃப்ரீ கிக், பெனால்டியில் பிசகாத கால். சவுத்தாம்ப்டனில் அடித்த 34 பெனால்டியும் கோல். கீழ் லீக்கில் அது கண்ணில் பட்டாலும், அந்தத் திறனைச் சுற்றி அணி கட்டும் வசதியுள்ள கிளப் ஒன்று அவரை 27 வயதில் எடுக்க வேண்டியிருந்தது.

இறங்கும் காலம்

33க்கு மேல் ஸ்ட்ரைக்கர் மூன்று விதமாகப் போவார். உடம்பு பெரியவர் டார்கெட் மேனாக (நீண்ட பந்தைத் தாங்கிக் கூட்டாளிக்குக் கொடுப்பவராக) இன்னும் சில வருடம் தள்ளுவார். வேகத்தில் வாழ்ந்தவர் சட்டென்று முடிந்துபோவார். பெனால்டி பெட்டிக்குள் மோப்பம் பிடித்து அடிப்பவர்தான் அதிகம் நீடிப்பவர். ஜேமி க்யூர்ட்டன் அந்த வகை. 2006-07இல் கோல்செஸ்டருக்காக 23 அடித்து சாம்பியன்ஷிப்பின் தலைசிறந்த கோல்காரர். மூன்றே வருடத்தில் எக்ஸெட்டர். பிறகு ஓரியன்ட், மறுபடி எக்ஸெட்டர், செல்ட்னம். 2014-15இல் டேகனமுக்காக 39 வயதில் லீக் டூவில் 19 கோல். ஸ்டீவ் கிளாரிட்ஜ் 40 வயதில், 2006 டிசம்பரில், போர்ன்மவுத்துக்காக ஒரே ஒரு லீக் ஆட்டம் ஆடித் தன் ஆயிரமாவது தொழில்முறை ஆட்டத்தை முடித்தார். அணி 4-0 என்று தோற்றது.

அதற்குக் கீழே பகுதிநேரக் கால்பந்து. செவ்வாய், வியாழன் மாலைகளில் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம், பகலில் வேறு வேலை. இங்கே கணக்கு விசித்திரமாக மாறும்: நேஷனல் லீக்கில் வாரம் 500 பவுண்டும், பகல் வேலையில் ஒரு நிலையான சம்பளமும் சேர்ந்தால் லீக் டூவின் ஒரு வருட ஒப்பந்தத்தைவிடப் பாதுகாப்பு. அதனால் 31 வயதில் லீக் டூ வாய்ப்பை மறுத்துக் கீழே இறங்குபவர்களும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அது சரிவு. கோச்சிங் உரிமத்தை ஆடும்போதே முடித்தவர், பிஎஃப்ஏ உதவியோடு சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி படித்தவர், இவர்களுக்கு இறக்கம் மெதுவாக இருக்கும். 34 வயதில் ஜூலை மாதம் ‘டிரையலிஸ்ட் ஏ’ ஆக நிற்பவருக்கு அந்த வசதி இல்லை.

ஆக, பட்டியலில் ஒரு பெயரைப் பார்க்கும்போது கிளப்களை எண்ணாதீர்கள். எந்த மாதம் மாறினார், லோனா ஒப்பந்தமா, அந்தக் கிளப்பில் அப்போது மேனேஜர் யார், அணி ஏறியதா இறங்கியதா, 24ஐத் தாண்டினாரா என்று ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள். கோல் எண்ணிக்கையில் பெனால்டியைக் கழியுங்கள். கடைசியாக, ஒரு கிளப் பெயர் இரண்டு முறை வருகிறதா என்று பாருங்கள். வந்தால், அவரை நேரில் பார்த்த ஒருவர் மறுபடி காசு கொடுத்திருக்கிறார்.